பிளாக்மெயில் (1929): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' படத்தை எங்கே திரையிட்டாலும் முடிந்தபின் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். இன்னும் பார்க்காதவர்கள் காப்பி, வடிவம் பற்றிய கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு முடிவு உட்படக் கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

இது என்ன படம்? கதையைக் கெடுக்காம சுருக்கமா சொல்லுங்க.

லண்டனுக்கு வடக்கே எல்ஸ்ட்ரீயில் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் 1929-ல் தயாரித்த துப்பறியும் படம். சார்லஸ் பென்னட்டின் நாடகம்தான் மூலம். 1928-ல் அது லண்டனில் மேடையேறியபோது டலூலா பேங்க்ஹெட் நாயகியாக நடித்தார். படத்தில் ஆலிஸ் ஒயிட்டாக ஆனி ஓன்ட்ரா, அவளுடைய காதலனும் ஸ்காட்லாந்து யார்டு துப்பறிவாளனுமான ஃபிராங்க் வெபராக ஜான் லாங்டன், ஓவியன் க்ரூவாக சிரில் ரிச்சர்ட், ட்ரேசி என்ற பேர்வழியாக டொனால்ட் கால்த்ராப். ஒளிப்பதிவு ஜாக் காக்ஸ்.

ஆலிஸ் ஒரு சிகரெட், செய்தித்தாள் கடைக்காரரின் மகள். ஒருநாள் மாலை ஃபிராங்கோடு தேநீர் விடுதியில் சண்டை போட்டுக்கொண்டு, முன்பே அறிமுகமான ஓவியனோடு அவனுடைய அறைக்குப் போகிறாள். அவன் பலாத்காரத்துக்கு முயல, கைக்குக் கிடைத்த ரொட்டிக் கத்தியால் குத்திவிடுகிறாள். அந்த வழக்கை விசாரிக்க ஃபிராங்கே அனுப்பப்படுகிறான். அவள் அங்கே விட்டுவிட்டு வந்த கையுறைகளில் ஒன்று அவன் கைக்கும் மற்றொன்று ட்ரேசி கைக்கும் போகிறது. மிச்சத்தைப் படத்தில் பாருங்கள்.

துப்பறியும் படம்னா கொலைகாரன் யாருன்னு கடைசிலதானே தெரியணும்? இதுல பாதிக்கு முன்னாடியே தெரிஞ்சுடுதே?

ஆம், இதில் மர்மம் எதுவும் இல்லை. குத்தியது யார், ஏன் என்பதெல்லாம் நமக்கு முதலிலேயே தெரியும். துப்பறிவாளனுக்கும் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததை அவன் என்ன செய்கிறான் என்பதுதான் படம். தடயத்தைத் தேடிப் போனவன் தடயத்தைப் பையில் போட்டு மறைக்கிறான். கடைசியில் யார் மாட்டுவார்கள் என்று ஊகிக்கும் ஆசையோடு உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

இதுல வங்கிக் கொள்ளை வரும்னு சொன்னாங்களே?

வராது. தொடக்கத்தில் போலீஸ் ஒரு குற்றவாளியைப் பிடிக்கிறது, அவன் செய்த குற்றம் என்னவென்று படம் சொல்வதே இல்லை. அந்த இடத்தைப் பார்வையாளர்கள் தங்கள் கற்பனையில் 'கொள்ளைக்காரன்' என்று நிரப்பிக்கொள்கிறார்கள் போலும். அந்தக் காலத்து வங்கிக் கொள்ளைதான் வேண்டுமென்றால் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க்கின் 'அண்டர்வேர்ல்டு' (1927) அதில்தான் தொடங்குகிறது. ஆனால் அது ரவுடிகளின் கதை, துப்பறியும் கதை அல்ல.

ஊமைப்படமா, பேசும்படமா? ரெண்டு மாதிரியும் எழுதியிருக்காங்க.

இரண்டும்தான். 1929 தொடக்கத்தில் ஊமைப்படமாகவே படப்பிடிப்பு ஆரம்பித்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கருவிகள் எல்ஸ்ட்ரீக்கு வந்து சேர்ந்தன. கடைசி ரீலில் மட்டும் பேச்சைச் சேர்க்கலாம் என்பதுதான் தயாரிப்பாளர்களின் முதல் யோசனை. இப்படி ஒன்று வரும் என்று தான் முன்பே எதிர்பார்த்து, அதற்குத் தோதாகக் காட்சிகளை அமைத்து வைத்திருந்ததாக 1962-ல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஹிட்ச்காக் சொல்கிறார். முடிவில் பேச்சுக் காட்சிகளில் பெரும்பகுதி மறுபடி எடுக்கப்பட்டது. பேச்சில்லாத இடங்களில் ஊமை நெகடிவையே வைத்துக்கொண்டு இசையும் சத்தங்களும் சேர்த்தார்கள்.

பேசும் வடிவம் 1929 ஜூன் 21 அன்று லண்டன் மார்பிள் ஆர்ச் ரீகல் திரையரங்கில் திரையுலகினருக்குக் காட்டப்பட்டது. ஊமை வடிவம் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. பிரிட்டனின் பெரும்பாலான கொட்டகைகளில் அப்போது ஒலிக்கருவியே கிடையாது. அதனால் நாடு முழுக்கப் பலர் பார்த்தது ஊமை வடிவத்தைத்தான்.

பிரிட்டனோட முதல் பேசும்படம் இதுதானே?

விளம்பரம் அப்படித்தான் சொன்னது. கறாராகப் பார்த்தால் எட்கர் வாலஸ் கதையை வைத்து எடுத்த 'தி க்ளூ ஆஃப் தி நியூ பின்' அதே ஆண்டில் முந்திக்கொண்டது. ஆனால் அதன் ஒலி கிராமபோன் தட்டில் இருந்தது. தட்டு முறையில் ஊசி ஒரு பள்ளம் தாண்டினாலோ, பிரிண்டில் அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது சில கட்டங்கள் குறைந்தாலோ, அதற்கப்புறம் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். 'பிளாக்மெயில்' படச்சுருளின் ஓரத்திலேயே ஒளியாகப் பதிந்த ஒலித்தடத்தைக் கொண்டது. ஆகவே 'முதல்' என்ற பட்டத்தைவிட, பிரிட்டனில் பேசும்படம் எடுபடும் என்று காட்டிய முதல் பெரிய வெற்றி என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

என்கிட்ட இருக்கிற காப்பி எந்த வடிவம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

நேரத்தைப் பாருங்கள். பேசும் வடிவம் சுமார் 85 நிமிடம், ஊமை வடிவம் சுமார் 75. தொடக்கத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள், இரண்டிலுமே அங்கே பேச்சு இல்லை. ஃபிராங்கும் ஆலிஸும் தேநீர் விடுதிக்குப் போகும் இடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். பேச்சுக்குப் பதில் வசனம் எழுதிய அட்டை வந்தால் ஊமை வடிவம்.

இன்னும் உறுதியான அடையாளம் வேண்டுமானால் தலைமை இன்ஸ்பெக்டரின் முகம். ஊமை வடிவத்தில் சாம் லிவ்ஸி, பேசும் வடிவத்தில் ஹார்வி பிராபன். மற்ற முக்கிய நடிகர்கள் இரண்டிலும் ஒருவரே.

ரெண்டுல எதை முதல்ல பார்க்கலாம்?

பேசும் வடிவத்தை. ரொட்டிக் கத்திக் காட்சியும் பறவைச் சத்தமும் கடைவாசல் மணியும் அதில்தான் இருக்கின்றன, அவற்றுக்காகத்தான் இந்தப் படத்தை இன்றும் பேசுகிறார்கள். ஆனால் படமாக்கத்தின் நேர்த்தியில் ஊமை வடிவம் ஒரு படி மேல் என்பது எங்கள் கணிப்பு. கேமரா தடையில்லாமல் நகர்கிறது, நடிப்பும் சரளம். காரணம் எளிது: ஒலிப்பதிவின்போது கேமராவின் இரைச்சல் மைக்கில் விழாமலிருக்க, கேமராவையும் அதை இயக்குபவரையும் ஒலிபுகாத பெட்டி ஒன்றில் வைத்து மூடி, கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார்கள். பெட்டியோடு கேமராவைத் திருப்புவதும் நகர்த்துவதும் பெரும்பாடு. பேச்சுக் காட்சிகள் சில இடங்களில் நாடக மேடை போல அப்படியே நிற்பது இதனால்தான்.

ஊமை வடிவத்தை பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், ஹிட்ச்காக்கின் மற்ற எட்டு ஊமைப்படங்களோடு சேர்த்து 2012-ல் மீட்டெடுத்தது. அந்த ஜூலையில் பிரிட்டிஷ் மியூசியத்தின் முன்வெளியிலேயே, நீல் பிராண்டின் இசையோடு திரையிட்டார்கள்.

முதல் எட்டு நிமிஷம் யாருமே பேசலையே, சவுண்ட் போயிடுச்சா?

இல்லை, இசை மட்டும்தான் இருக்கும். மேலே சொன்ன ஊமை நெகடிவ் அப்படியே பயன்பட்ட இடம் இது. போலீஸ் வேனுக்கு வயர்லெஸ்ஸில் செய்தி வருகிறது, சந்துக்குள் போகிறார்கள், கட்டிலில் படுத்தபடி செய்தித்தாள் படிக்கும் ஆள் வாசலில் நிற்பவர்களைக் கண்ணாடியில் பார்க்கிறான், அவன் கண் துப்பாக்கி இருக்கும் பக்கம் போகிறது. பிடித்து வந்து விசாரிக்கிறார்கள், அடையாள அணிவகுப்பு, கைரேகை, லாக்கப். வேலை முடிந்து போலீஸ்காரர்கள் கைகழுவப் போகும் கட்டத்தில்தான் பேச்சு தொடங்குகிறது. கூட்டாளியாக வரும் சார்ஜன்ட் பாத்திரத்தில் நடித்தவரின் பெயரே டைட்டிலில் 'முன்னாள் துப்பறியும் சார்ஜன்ட் பிஷப்' என்றுதான் வரும். போலீஸ் நடைமுறை அத்தனை சுத்தமாக இருப்பதில் வியப்பில்லை.

அந்தக் கைரேகைக் காட்சிக்கு நம் பக்கத்து வேர் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைப் பிரிவை 1901-ல் தொடங்கிய எட்வர்ட் ஹென்றி, அதற்கு முன் வங்காளத்தின் போலீஸ் தலைவர். கல்கத்தாவில் 1897-லேயே கைரேகை அலுவலகம் வந்துவிட்டது. ஹென்றியின் பெயரில் வழங்கும் வகைப்பாட்டு முறைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு சப்-இன்ஸ்பெக்டர்கள்.

ஆளுங்க தலை மேல வெட்டுப்படுது. என் டிவி கோளாறா?

காப்பியின் கோளாறு. படச்சுருளின் ஓரத்தில் ஒலித்தடத்துக்கு இடம் விட்டபோது படத்தின் அகலம் குறைந்தது, உயரம் அப்படியே இருந்தது. அதனால் ஆரம்பகாலப் பேசும்படங்களின் சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம், ஏறக்குறைய 1.2-க்கு 1. இதை வழக்கமான 1.33-க்கு 1 அளவில் பொருத்தும்போது மேலும் கீழும் நறுக்குகிறார்கள். முதலில் போவது நெற்றி.

பேசும் வடிவத்தில் ஊமை நெகடிவிலிருந்து வந்த பகுதிகளுக்கு வேறொரு பாதிப்பு. முழு அகலத்துக்கு எடுத்த படத்தின் இடது ஓரத்தில் ஒலித்தடம் ஏறிக்கொள்வதால், நடுவில் இருக்க வேண்டிய ஆள் சற்றே இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார். டிவியில் 'ஜூம்', 'ஃபுல்' எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பாருங்கள். பட்டை அகலமாக இருந்தால் நல்ல காப்பி.

ஹீரோயின் குரல் அவங்களோடது இல்லையாமே?

நிஜம். ஆனி ஓன்ட்ரா செக் மொழிக்காரர். ஊமைப்படத்தில் லண்டன் கடைக்காரர் மகளாக நடிப்பதில் சிக்கல் ஏதுமில்லை, இதற்கு முன் ஹிட்ச்காக்கின் 'தி மேங்ஸ்மேன்' படத்திலும் நடித்திருந்தார். பேச்சு வந்ததும் உச்சரிப்பு இடித்தது. ஜோன் பேரி என்ற ஆங்கில நடிகை சட்டகத்துக்கு வெளியே மைக்கின் முன் நின்று வசனத்தைப் பேச, ஓன்ட்ரா கேமராவின் முன் உதட்டை அசைத்தார். படப்பிடிப்பு நடக்கும்போதே, அந்தந்த டேக்கில். ஓன்ட்ராவின் குரலைச் சோதிக்க எடுத்த துண்டுப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஹிட்ச்காக் பக்கத்தில் நின்று அவரை வம்புக்கிழுக்க, அவர் வெட்கப்பட்டுச் சிரிக்கிறார். உச்சரிப்பு எப்படியிருந்தது என்று அதில் கேட்டுக்கொள்ளலாம்.

ஜோன் பேரிக்கு டைட்டிலில் பெயர் இல்லை. 1931-ல் ஹிட்ச்காக்கின் 'ரிச் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்' படத்தில் அவரே நாயகி ஆனார். ஓன்ட்ரா ஜெர்மன் படங்களுக்குப் போனார், குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை 1933-ல் மணந்தார்.

எடுத்து முடிச்சுட்டு அப்புறமா டப்பிங் பண்ணியிருக்கலாமே?

அந்த வசதி அப்போது எல்ஸ்ட்ரீயில் இல்லை. பதிவான ஒலியின் மேல் இன்னொரு ஒலியைத் தரம் கெடாமல் கலந்து சேர்ப்பதே பெரும் சிரமமாக இருந்த காலம். அதனால் குரல், சத்தம், பாட்டு எல்லாம் பெரும்பாலும் காட்சியோடு காட்சியாகவே பதிவாயின. ஓவியன் பியானோ வாசித்துக்கொண்டு பாடுகிறானே, சிரில் ரிச்சர்ட் மேடைப் பாடகர் என்பதால் அது சிக்கலில்லாமல் முடிந்தது.

இந்த முறையில் என்ன கெடும் என்பதைப் படத்திலேயே பார்க்கலாம். ஆலிஸ் பேசும் இடங்களில் உதட்டைக் கவனியுங்கள். குட்டி வசனங்கள் அச்சாகப் பொருந்தும், நீண்ட வாக்கியங்களில் வார்த்தையின் கடைசியில் உதடு சற்றுத் தாமதிக்கும். அவள் கேமராவுக்குப் பக்கவாட்டிலோ முதுகு காட்டியோ இருந்தால் இந்தத் தொல்லை தெரிவதில்லை. இன்னொன்று, குரல் எப்போதும் ஒரே தூரத்திலிருந்து வரும். ஆலிஸ் அறைக்கு அந்தப் பக்கம் போனாலும் ஜோன் பேரி மைக் அருகிலேயேதான் நிற்கிறார்.

அந்த 'கத்தி' காட்சில அப்படி என்ன விசேஷம்?

கொலைக்கு மறுநாள் காலை, கடைக்குப் பின்னாலுள்ள அறையில் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. வாசல்படியில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பெண் வம்பு பேசுகிறாள்: செங்கல்லால் மண்டையில் ஒரு போடு போட்டால்கூட ஒத்துக்கொள்ளலாம், அதில் ஒரு நேர்மை இருக்கிறது, கத்தியால் குத்துவதெல்லாம் என்ன பழக்கம் என்கிற மாதிரி. கேமரா அவளிடமிருந்து விலகி ஆலிஸ் முகத்துக்கு வருகிறது. மற்ற சொற்களெல்லாம் மங்கி முணுமுணுப்பாகிவிட, 'கத்தி' என்ற சொல் மட்டும் தெளிவாக, திரும்பத் திரும்ப விழுகிறது. அப்பா ரொட்டி நறுக்கச் சொல்கிறார். ஆலிஸ் கத்தியைத் தொடும்போது அந்தச் சொல் கத்தலாக வந்து விழ, கத்தி கையிலிருந்து எகிறிப் போகிறது. யார் மேலாவது பட்டிருக்குமே என்கிறார் அப்பா, ஒன்றும் தெரியாமல்.

பேசும்படம் வந்த புதிதில் எல்லோரும் வசனம் புரிகிறதா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, புரியாமல் போவதை ஒரு உத்தியாக வைத்த காட்சி இது. ஒரு எச்சரிக்கை: இரைச்சலை நீக்குகிறேன் என்று மென்பொருளால் கழுவிய காப்பிகளில் அந்த முணுமுணுப்பையும் இரைச்சலென்று துடைத்துவிடுகிறார்கள். நடுவில் அமைதியும் 'கத்தி'யும் மட்டும் கேட்டால் அந்தக் காப்பியைத் தூக்கிப் போடுங்கள். கொஞ்சம் கரகரப்பு இருந்தாலும் முணுமுணுப்பு கேட்கும் காப்பிதான் சரி.

கொலையையே காட்டலையே, திரைச்சீலைக்குப் பின்னாடி என்ன நடந்துச்சுன்னு எப்படி நம்புறது?

காட்டுவது இவ்வளவுதான்: திரை அசைகிறது, அதன் இடுக்கிலிருந்து அவள் கை வெளியே வந்து பக்கத்து மேசையில் தடவுகிறது, ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் கிடக்கும் கத்தி கையில் அகப்படுகிறது. பிறகு திரை அமைதியாகி, அவனுடைய கை துவண்டு வெளியே விழுகிறது. பலாத்கார முயற்சி என்பதில் படத்துக்குச் சந்தேகம் இல்லை. அதற்குச் சற்று முன் அவள் உடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு இழுத்துப் போவது வரை நாம் பார்த்துவிட்டோம். இன்றைய பார்வையாளர்கள் சிலர் 'அவ ஏன் போனா' என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை அவள் பெற்றோரும் போலீஸும் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில்தான் மிச்சப் படம் நடக்கிறது.

அதே காட்சியில் கவனிக்க ஒன்று. க்ரூ மனம் மாறும் கணத்தில், அறையின் இரும்பு விளக்குக் கொத்தின் நிழல் அவன் முகத்தில் முறுக்கு மீசை போல விழும். பழைய ஊமைப்பட வில்லன்களின் மீசை அது. ஊமைப்படத்துக்குத் தான் சொன்ன பிரியாவிடை என்று ஹிட்ச்காக் இதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

கடைசித் துரத்தல் நிஜமாவே பிரிட்டிஷ் மியூசியத்துல எடுத்ததா?

உட்புறக் காட்சிகள் கண்ணாடி வித்தை. மியூசியத்துக்குள் படம் எடுக்கப் போதிய வெளிச்சம் இல்லை. அதனால் ஒன்பது இடங்களை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஒளி பட விட்டு, புகைப்படமாக எடுத்தார்கள். அவற்றைப் பெரிய ஸ்லைடுகளாக்கிப் பின்னாலிருந்து விளக்குப் போட்டார்கள். கேமராவுக்கு முன்னால் 45 பாகை சாய்வில் ஒரு கண்ணாடியை வைத்தால் பக்கவாட்டில் உள்ள ஸ்லைடு அதில் தெரியும். நடிகர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சைச் சுரண்டிவிட்டால், அந்தத் துளை வழியே பின்னால் போட்டிருக்கும் சிறு செட்டும் நடிகரும் தெரிவார்கள். ஒரு வாசற்சட்டம் போட்டால் போதும், மீதி மியூசியம் முழுவதும் ஸ்லைடு. இந்த முறைக்கு ஜெர்மன் ஒளிப்பதிவாளர் ஆய்கன் ஷூஃப்டானின் பெயர். 'மெட்ரோபோலிஸ்' படத்தில் புகழ்பெற்றது.

தயாரிப்பாளர்களுக்கு இந்த முறை தெரியாது, தெரிந்தால் பயந்து தடுத்துவிடுவார்கள் என்று ஹிட்ச்காக் அவர்களிடம் சொல்லவே இல்லை. பக்கத்தில் இன்னொரு கேமராவை வைத்து ஏதோ கடிதத்தைப் படமெடுப்பது போல பாவனை காட்டினார்களாம். துரத்தலை மியூசியத்தில் வைக்கலாம் என்ற யோசனை தன்னுடையது என்று பின்னாளில் பெரிய இயக்குநரான மைக்கேல் பவல் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்தக் கண்ணாடி வித்தையை நாமளே செஞ்சு பார்க்க முடியுமா?

முடியும், குறும்படம் எடுப்பவர்கள் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது. ஸ்லைடுக்குப் பதில் கணினித் திரையே போதும். கேமராவை முக்காலியில் இறுக்கிப் பூட்டுங்கள், கடைசி வரை அசையக் கூடாது. லென்ஸிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கண்ணாடியை 45 பாகையில் நிறுத்தி, திரையைப் பக்கவாட்டில் வையுங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் போட மறந்தால் பெயர்ப்பலகை எல்லாம் இடவலம் மாறித் தெரியும். ஒருவர் கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டு சொல்ல, இன்னொருவர் கண்ணாடியின் பின்புறத்தில் மார்க்கரால் எல்லை வரைய வேண்டும். பிறகு பிளேடால் பெயிண்டையும் பூச்சையும் சுரண்டுங்கள். எல்லையை வாசற்சட்டம், தூண் போன்ற நேர்க்கோட்டில் வைத்தால் ஒட்டு தெரியாது.

ஃபோகஸ்தான் முதல் இடறல். கண்ணாடியில் தெரியும் படம் அருகில், நடிகர் தொலைவில், இரண்டும் தெளிவாக வேண்டும். முழுச்சட்டக கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப்/16-ல் வைத்து 1.6 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் ஏறத்தாழ 80 செ.மீ. முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். லென்ஸிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து திரை என்று இரண்டு தூரத்தையும் கூட்டி 80 செ.மீ.க்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியே அந்த எல்லைக்குள் வராமல் சற்று மங்குவது நல்லது, சுரண்டிய விளிம்பின் பிசிறு கரைந்துவிடும்.

அடுத்த இடறல் ஆவி போன்ற இரட்டை உருவம். சுரண்டிய இடத்திலும் வெறும் கண்ணாடி மிச்சமிருப்பதால் அது திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் பிரதிபலிக்கும், நடிகர் மேல் மியூசியம் லேசாகப் படியும். திரையில் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக்கிவிட்டால் தீர்ந்தது. வெளிச்சம் வரும் திசையும் ஒத்திருக்க வேண்டும். படத்தில் நிழல் வலப்பக்கம் விழுந்தால் நடிகருக்கும் இடப்பக்கமிருந்து விளக்கு. எல்லாம் சரியாக இருந்தும் நடிகர் ஒரு அடி தள்ளி நடந்தால் சுவருக்குள் பாதி உடம்பு காணாமல் போகும், தரையில் சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள்.

ட்ரேசி அப்படி என்ன பெருசா மிரட்டிட்டான்? சுருட்டும் சாப்பாடும்தானே கேட்டான்?

அதில்தான் கால்த்ராப்பின் நடிப்பு நிற்கிறது. கடைக்குள் வந்து விலையுயர்ந்த சுருட்டு ஒன்றை எடுத்து, நிதானமாகப் பற்றவைத்து, காசை ஃபிராங்க் தரட்டும் என்று விடுகிறான். பிறகு குடும்பத்தோடு உட்கார்ந்து காலைச் சாப்பாடு. ஒரு பெரிய தொகையைக் கேட்டிருந்தால் கொடுத்துத் தொலைத்துவிடலாம். இவன் வீட்டுக்குள் குடியேறிவிடுவானோ என்று தோன்ற வைக்கிறான். அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரியாது என்பதால் அவர்கள் எதிரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு தொலைபேசி வருகிறது. கொலை நடந்த வீட்டுக்காரி ட்ரேசியை அடையாளம் சொல்லியிருக்கிறாள், அவன் மேல் பழைய குற்றப்பதிவும் இருக்கிறது, போலீஸ் அவனைத் தேடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து மிரட்டுவது ஃபிராங்க். தலைப்பு எந்த ஆளைக் குறிக்கிறது என்று கேட்டால், இருவரையும் என்போம்.

ஃபிராங்க் ஹீரோவா, குற்றவாளியா?

தடயத்தை மறைத்தான். குத்தியது யார் என்று தெரிந்தும் வேறொருவன் மேல் பழி விழ விட்டான். அவன் சாவுக்கும் காரணமானான். முதல் எட்டு நிமிடத்தில் போலீஸ் நடைமுறையை அத்தனை ஒழுங்காகக் காட்டியதன் பயன் இங்கே தெரிகிறது: விதிமுறை அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆலிஸை வாய் திறக்க விடாமல் தடுப்பதும் அவன்தான். காதலுக்காகச் செய்தான் என்பவர்கள், அவள் இனி ஆயுசுக்கும் அவனுக்குக் கடமைப்பட்டவள் என்பதையும் சேர்த்து யோசிக்கலாம்.

ஆலிஸ் உடனே உண்மையைச் சொல்லியிருந்தா தூக்குதானா?

அப்போதைய இங்கிலாந்தில் கொலைக்குற்றம் நிரூபணமானால் மரண தண்டனை கட்டாயம். ஆனால் தற்காப்புக்காகச் செய்தது என்று ஜூரி ஏற்றுக்கொண்டால் முழு விடுதலை கிடைக்கும். அவளுக்குப் பாதகமானவை அதற்குப் பிறகு அவள் செய்தவை. ஓவியன் அறையிலிருந்த கோமாளி ஓவியத்தைக் கிழித்தாள், அங்கே அவள் வரைந்து பெயர் எழுதியிருந்த படத்தில் பெயரை மை பூசி மறைத்தாள், யாருக்கும் சொல்லாமல் வெளியேறினாள். அரசுத் தரப்பு வக்கீலுக்கு இதெல்லாம் அல்வா. தற்காப்புக்குச் சாட்சி அவள் ஒருத்தியே.

முடிவு ஏன் இப்படி அந்தரத்துல தொங்குது? வேற முடிவு யோசிச்சு வெச்சிருந்தாங்களாமே?

ட்ரேசி மியூசியத்தின் வாசிப்பறைக் குவிமாடக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுந்து சாகிறான், வழக்கு மூடப்படுகிறது. அதே நேரம் ஆலிஸ் ஒப்புக்கொள்ள ஸ்காட்லாந்து யார்டுக்கு வருகிறாள். இன்ஸ்பெக்டர் மேசையில் தொலைபேசி மணி அடிக்க, அவளை ஃபிராங்கிடம் தள்ளிவிடுகிறார். வெளியே வரும்போது வாசல் காவலர் பெண் துப்பறிவாளர்களைப் பற்றி ஒரு ஜோக் அடிக்க, மூவரும் சிரிக்க, கோமாளி ஓவியத்தையும் அவள் வரைந்த படத்தையும் யாரோ எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். கோமாளி விரல் நீட்டிச் சிரிப்பது அவளைப் பார்த்து.

ஹிட்ச்காக் முதலில் விரும்பியது வேறு. ஃபிராங்கே ஆலிஸைக் கைது செய்ய வேண்டும். தொடக்கத்தில் அந்தக் குற்றவாளிக்கு நடந்த கைரேகை, லாக்கப் எல்லாம் வரிசை மாறாமல் அவளுக்கு நடக்க வேண்டும். பிறகு கைகழுவும் இடத்தில் கூட்டாளி, விஷயம் தெரியாமல், 'இன்னிக்கு உன் பொண்ணோட வெளிய போறியா' என்று கேட்க, 'இன்னிக்கு இல்லை' என்று இவன் வீட்டுக்குப் போவதோடு முடிய வேண்டும். சோகம் அதிகம் என்று தயாரிப்பாளர்கள் ஒப்பவில்லை. எங்களுக்கு வந்த முடிவே பிடித்திருக்கிறது. மாட்டிக்கொள்வதைவிட மாட்டாமல் போவது இங்கே கனமாக இருக்கிறது.

ஹிட்ச்காக் எங்க வர்றார்? ரெண்டு தடவை பார்த்தும் தவற விட்டுட்டேன்.

ஃபிராங்கும் ஆலிஸும் சுரங்க ரயிலில் போகும் காட்சி, சுமார் பத்து நிமிடம் கடந்ததும். புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் பருத்த மனிதரின் தொப்பியை ஒரு பையன் பிடித்து இழுக்கிறான். அவர்தான்.

எங்க ஃபிலிம் கிளப்ல போடலாமா? காப்புரிமை இருக்கா?

அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 முதல் இந்தப் படம் பொதுவுடைமை, அதாவது காப்புரிமை முடிந்தது. மற்ற நாடுகளில் கணக்கு வேறு, உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். படம் பொதுவுடைமையான இடத்திலும் புதிதாகச் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு. ஊமை வடிவத்தோடு வரும் நீல் பிராண்டின் இசை அப்படிப்பட்டது. அனுமதி வாங்க முடியாவிட்டால் ஒலியை அணைத்துவிட்டு உள்ளூர்ப் பியானோக்காரரையோ வயலின்காரரையோ உட்கார வையுங்கள், ஊமைப்படத்துக்கு அது பொருந்தும்.

பேசும் வடிவம் என்றால், கூட்டம் வருவதற்கு முன் கத்திக் காட்சியை ஓட்டி ஒலியளவை அதற்குத் தக்கபடி வையுங்கள். தொடக்க இசையைக் கேட்டு வைத்தால் சத்தம் போதாது, பின்வரிசைக்கு முணுமுணுப்பு எட்டாது. ஸ்பீக்கரில் 'பாஸ்' கூட்டாதீர்கள், அந்தக் காலத்து ஒலித்தடத்தில் அடிக்குரலில் இருப்பது பெரும்பாலும் உறுமல்தான்.